கர்ப்பிணிகளுக்கு வரும் குடல்வால் அழற்சி

ஐயம் பிறந்த இடத்திலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குதல் நலம். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார் ஆறாம் மாதக் கருவுடன் தாய்வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் மாலை அவருக்குத் தொப்புளைச் சுற்றி மந்தமானதொரு வலி தொடங்கிற்று. உணவு செல்லவில்லை, இருமுறை வாந்தியும் ஆயிற்று. ‘பிள்ளை புரள்கிறது, வாயுவாகவும் இருக்கலாம்’ என்று சொல்லிய பாட்டியார் வழக்கப்படி விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தார். அண்டை வீட்டில் நர்ஸ் அம்மையார் ஒருவர் குடியிருந்தது எங்கள் நற்காலம். அவர் புட்டியை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, அவ்விரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுமாறு வற்புறுத்தினார். விடியுமுன் வலி வலப்புறம் வந்து நிலைத்துவிட்டது. அறுவை மருத்துவரும் பிரசவ மருத்துவரும் ஒருங்கே பார்த்துச் சோதனைகளை முடித்தபின், இது குடல்வால் அழற்சியென்றும், அன்றே அறுத்து நீக்குதல் வேண்டுமென்றும் கூறினர்.

என் தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்து, பின்னர் ஒரு வினா வினவினார். ‘ஐயா, இத்தனை ஊசிமருந்துகள் வந்துள்ள காலத்தில், வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் வயிற்றிலா கத்தி வைக்கவேண்டும்? மருந்தினாலேயே இதனை ஆற்றலாகாதா?’ என்பதே அவ்வினா. அன்று அதனை ஒரு தந்தையின் அச்சமென்றே யான் எண்ணினேன். பின்னர் நூல்களைப் பார்த்தபோதுதான், உலகத்து அறுவை மருத்துவர் பலரும் அதே வினாவை இந்நூற்றாண்டில் எழுப்பி ஆராய்ந்து வருகின்றனர் என்பதை அறிந்தேன். அவ்வினாவிற்கு இன்றைய மருத்துவ நூல் தரும் விடை யாது, அவ்விடை எக்காரணங்களால் வந்தது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் உறுப்பைப்பற்றிச் சில சொற்கள். சிறுகுடல் பெருங்குடலோடு கூடுமிடத்தில், வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில், பெருங்குடலின் தொடக்கம் ஒரு பை போன்றிருக்கும். அப்பையினின்று மண்புழுப் போன்று தொங்குவதே குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்று எல்லோரும் வழங்குவது இதனையே. பெரும்பாலோரிடத்தில் இது விரலளவு நீளம் உடையது. ஒரு முனை திறந்தும் மறுமுனை அடைத்தும் இருத்தலே இதன் கேட்டிற்கெல்லாம் காரணம். திறந்த வாயில் இறுகிய மலத்துணுக்கு ஒன்றினாலோ, உட்சுவரிலுள்ள நிணத்திசுக்களின் வீக்கத்தாலோ அடைபட்டதாயின், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். குடலில் இயல்பாக வாழும் கிருமிகள் அதிற் பெருகும். உள்ளழுத்தம் மிகுந்தபோது முதலில் சிரைகளும் பின்னர் நாடிகளும் நெருக்குண்டு, இரத்தவோட்டம் தடைப்பட்டுச் சுவர் அழுகத் தொடங்கும். தொடக்கத்தில் தொப்புளருகே தோன்றிய வலி வலப்புறம் இறங்குவதும் இதனாலேயே. குடல்வாலின் நரம்புகள் முதலில் இடந்தெரியாத பொதுவலியையே உணர்த்தும். அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்டபின்னரே வலி தன் இடத்தைக் காட்டும். நோய் தொடங்கி ஒரு நாளிலிருந்து இரண்டு நாட்களுக்குள் சிலருக்குக் குடல்வால் வெடித்துவிடும்.

வெடித்த பின் நிகழ்வது யாது? கருவுறாதவரிடத்தில், வயிற்றினுள்ளே திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வு புண்பட்ட இடத்தைச் சென்று போர்த்திக்கொள்ளும். சீழ் அவ்விடத்திலேயே கட்டியாக அடங்கிநிற்றலும் உண்டு. கர்ப்பிணியிடத்திலோ வளர்ந்த கருப்பை அச்சவ்வை மேலும் பக்கத்திலுமாக ஒதுக்கிவிடுகின்றது. ஆகவே காவல் குன்றிச் சீழ் வயிறெங்கும் எளிதிற் பரவும். அழற்சி கருப்பையைத் தொடின் அது சுருங்கத் தொடங்கும். காலத்திற்கு முன் பிரசவவலி காணும். குடல்வால் வெடியாத நிலையில் குழந்தையை இழக்கும் தாய்மார் நூற்றுக்குச் சிலரே; வெடித்தபின்னரோ நூற்றுக்கு 20 முதல் 36 வரை என்று பழைய அறிக்கைகள் கூறுகின்றன. இவ்விரு கணக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடே இப்பொருள் முழுவதற்கும் உயிர்நாடி.

விளக்கெண்ணெயைப்பற்றி ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. நம் வீடுகளில் வயிற்றுவலிக்கெல்லாம் பேதிக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அடைபட்டு விம்மிய குடல்வாலுடையவருக்குப் பேதிமருந்து கொடுத்தால் குடலின் அசைவு மிகுந்து வெடிப்பு விரைவுபடும் என்பதை மருத்துவர் நெடுங்காலமாக எச்சரித்துள்ளனர். அன்றியும், விளக்கெண்ணெயினின்று பிறக்கும் ரிசினோலிக் அமிலம் குடலையும் கருப்பையையும் ஒருங்கே சுருங்கச் செய்கின்றது என்பது 2012-ம் ஆண்டில் சுண்டெலிகளிடத்துச் செய்த ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. அன்றிரவு அப்புட்டியை அப்பால் வைத்த கைக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

இனி வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். குடல்வாலை முதன்முதல் அறுத்தெடுத்தவர் கிளாடியஸ் அமியாண்ட் என்னும் லண்டன் மருத்துவர் என்பர். 1735-ம் ஆண்டில், குடலிறக்கத்தால் வருந்திய சிறுவன் ஒருவனுக்கு அறுவை செய்தபோது, ஊசி துளைத்த குடல்வாலை அதனுள்ளே கண்டு அவர் நீக்கினார். ஆயின் நம் பொருளுக்கு அதனினும் நெருங்கியது 1848-ம் ஆண்டின் நிகழ்ச்சியாகும். லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியைச் சார்ந்த ஹென்றி ஹான்காக் என்பார், முப்பது வயதுடைய பெண்மணி ஒருவருக்கு வலப்புற அடிவயிற்றில் உண்டான சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை வெளிப்படுத்தினார். அப்பெண்மணி எட்டாம் மாதக் கருவினராயிருந்தவர். மருத்துவர் பலரும் அபினியும் அட்டையுமே கதியென்றிருந்த காலத்தில், கத்தியால் அவர் பிழைத்தெழுந்தார். குடல்வால் நோய்க்கெனக் கருதிச்செய்த அறுவைகளுள் மிக முந்தியனவற்றுள் ஒன்று ஒரு கர்ப்பிணியிடத்தே நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். இத்தகைய நோயாளரைச் சீழ் வெளித்தோன்றும்வரை காத்திராமல் முன்னரே அறுத்தல் வேண்டுமென்று ஹான்காக் அன்றே கூறினார். கேட்பார் இல்லை. கிருமிகளை விலக்கி அறுவை செய்யும் முறையை லிஸ்டர் 1867-ல் வெளியிடும்வரை வயிற்றைத் திறத்தல் பெரும்பாலும் சாவை அழைப்பதாகவே இருந்தமையின், கேளாதாரைக் குறைகூறுதற்கும் இல்லை.

1886-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், வலப்புற அடிவயிற்றுச் சீழுக்கெல்லாம் மூலம் பெரும்பாலும் குடல்வாலே என்று நாட்டி, அந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் இட்டார். மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி, விரல்நுனியால் அழுத்தி நோயை அறியும் இடத்தைக் குறித்தார். 1902-ம் ஆண்டு ஜூன் 26-ல் முடிசூடவிருந்த ஏழாம் எட்வர்டு மன்னர், இந்நோயாற் படுக்க, அதற்கு இரண்டு நாள் முன்னர் சர் பிரெடரிக் ட்ரீவ்ஸ் சீழை வெளிப்படுத்தியதும், முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிவைக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. அதே ட்ரீவ்ஸின் மகள் இரண்டாண்டுகளுக்கு முன்னர் இந்நோயாலேயே இறந்தாள் என்பதை அறிந்தோர் சிலரே. மன்னரிடத்தில் அவர் காட்டிய உறுதிக்குப் பின்னே அத்துயரம் இருந்திருத்தல் கூடும் என்று யான் எண்ணுவதுண்டு.

கர்ப்பிணிகளைப்பற்றித் தெளிவுறப் பேசியவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்டு பாப்லர். 1908-ல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து இது: கருவுற்ற காலத்துக் குடல்வால் நோயில் தாய்மாரைக் கொல்வது அறுவையன்று, காலந்தாழ்த்தலே. நூறாண்டுக்கு மேலாகியும் அறுவை மருத்துவர் இதனை மறவாது ஓதி வருகின்றனர்.

காலந்தாழ்த்தல் அறியாமையால் மட்டும் வருவதன்று. கர்ப்பிணியிடத்தில் இந்நோயை அறிதலே அரிது. வாந்தியும் பசியின்மையும் கர்ப்பத்திற்கே உரியன. சாதாரணமாக இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகுந்திருத்தல் அழற்சிக்கு அடையாளம். கர்ப்பிணிக்கோ நோயின்றியே அவை கன மில்லிமீட்டருக்கு 16,000 வரை ஏறுதல் உண்டு. பிரசவ வேளையில் 20,000-க்கு மேலும் செல்லும். கருப்பை வயிற்றின் முன்சுவரைக் குடல்வாலினின்று விலக்கி நிற்றலின், தொட்டாற் காணும் இறுக்கமும் மழுங்கிவிடும். சிறுநீரகத்தின் அழற்சி, சிறுநீர்க்கல், சூற்பை முறுக்கிக்கொள்ளுதல், நச்சுக்கொடி முன்னரே பிரிதல், கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுதல் ஆகிய அனைத்தும் அதே இடத்தில் அதே வலியைத் தரவல்லன.

வலியின் இடம்பற்றிய ஒரு வழக்கையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1932-ல் சிகாகோ நகரத்தில் பேயர் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 78 கர்ப்பிணிகளை எக்ஸ்ரே படம் எடுத்து, கரு வளர வளரக் குடல்வால் மேலேறிச் செல்கின்றது என்றும், இறுதி மாதங்களில் இடுப்பெலும்புக்கும் மேலே விலாவை நோக்கிப் போய்விடுகின்றது என்றும் கூறினர். நெடுங்காலம் பாடநூல்கள் இதனை வேதவாக்காகக் கொண்டன. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர், அறுவையின்போது நேரிற் பார்த்து, அவ்வளவு ஏற்றம் எல்லோரிடத்தும் இல்லை என்றனர். எவ்வாறாயினும், எந்த மாதத்திலும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வலி வலப்புறக் கீழ்வயிற்றிலேயே காண்கின்றது என்பது இன்றைய மருத்துவர் துணிபு. மேல்வயிற்றில் வலியிருப்பினும் குடல்வாலை மறத்தலாகாது. கீழ்வயிற்றில் இருப்பின் மாதம் மிகுந்ததென்று அதனைத் தள்ளலும் ஆகாது. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்றும் உண்டு: வலி கருப்பையோடு கூட நகருமாயின் அது கருப்பையினது, நகராது நிற்குமாயின் வேறுறுப்பினது. என் தமக்கையாரையும் மருத்துவர் அவ்வாறு சாய்த்துப் பார்த்ததை யான் கண்டேன். அன்று அதன் பொருள் விளங்கவில்லை.

படமெடுக்கும் கருவிகள் இக்காலத்தில் பேருதவி செய்கின்றன. முதலில் ஒலியலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்டு. அதில் குடல்வால் தென்படாதாயின், காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இவ்விரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லாமையாற் கருவிற்குத் தீங்கில்லை. எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில் சி.டி. எடுக்க நேரின், கருவின்மேற் படும் கதிரளவு பெரும்பாலும் 50 மில்லிகிரேயென்னும் அபாய எல்லைக்கு உள்ளேயே நிற்கும். கதிருக்கு அஞ்சி நோயறியாது காத்திருத்தல் கதிரினும் கொடிது.

நோயைத் துணியாது அறுத்தலும் தீதின்றியில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1995 முதல் 2002 வரை குடல்வால் அறுவை செய்துகொண்ட 3,133 கர்ப்பிணிகளின் கணக்கை 2007-ல் மக்கோரி என்பவரும் துணைவரும் வெளியிட்டனர். நோய் வெடிப்பின்றி எளிய நிலையில் இருந்தவர்களில் கருவை இழந்தோர் நூற்றுக்கு 2. வெடிப்பு முதலிய சிக்கலுற்றோரில் நூற்றுக்கு 6. இவ்வளவில் வியப்பில்லை. வியப்பு மூன்றாம் கணக்கிலே இருக்கின்றது. வயிற்றைத் திறந்து பார்க்கக் குடல்வால் நோயின்றி நன்றாயிருந்தது என்று கண்டவர்களில் கருவை இழந்தோர் நூற்றுக்கு 4. காலத்திற்கு முன் பிரசவித்தோர் நூற்றுக்கு 10. அறுத்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 23 பேருக்கு அவ்வாறு குடல்வால் நன்றாகவே இருந்தது! ‘ஐயமாயின் அறுத்துவிடு’ என்ற பழைய மரபுரை இக்கணக்கின் முன் தடுமாறுகின்றது. வலிக்குக் காரணமான வேறு நோய் தீராது நின்றமையும் அவ்விழப்புக்கு ஒரு காரணமாகலாம். எல்லாவற்றையும் கத்தியின்மேல் ஏற்றிவிடுதல் நியாயமன்று. ஆயினும் என் தந்தையாரின் அச்சம் வெறும் பேதைமையன்று என்பதற்கு இக்கணக்கே சான்று.

இனி மருந்தின் பக்கம் வருவோம். பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் உலகப் பெரும்போர்க் காலத்திற் புழக்கத்துக்கு வந்தபின், அவற்றால் குடல்வாலை ஆற்றலாகுமா என்று எண்ணுதல் இயல்பே. இங்கிலாந்தில் கோல்ட்ரே என்னும் மருத்துவர் இம்முறையிற் பலரை நடத்தி, 1959-ல் 471 பேருடைய முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் குணமடைந்தனர், ஆயின் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு நோய் மீண்டது. அறுவை எளிதாகிவிட்ட அக்காலத்தில் அவருரை பலர் செவியில் ஏறவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வினா மீண்டும் தலைதூக்கிற்று.

பின்லாந்து நாட்டில் 530 பேரைச் சீட்டுக்குலுக்கியதுபோல் இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு அறுவையும் மறு கூறினர்க்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2015-ல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள் அறுவை வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுக்குள் அது நூற்றுக்கு 39 ஆயிற்று. 2020-ல் அமெரிக்காவில் 1,552 பேரிடத்துச் செய்த ஆராய்ச்சியில், மருந்து பெற்றவர்களில் 90 நாளுக்குள் அறுவைக்கு வந்தோர் நூற்றுக்கு 29. குடல்வாலினுள் மலக்கல் இருந்தவர்களைத் தனியே எடுத்தால் அது நூற்றுக்கு 41. கல் இல்லாதவர்களில் 25. இவற்றைக்கொண்டு, வெடிப்பும் கல்லும் இல்லாத எளிய நோய்க்கு மருந்தும் ஒரு தக்க வழியே என்று மருத்துவர் பலர் ஒப்பினர். அதுவரை நன்றே.

ஆனால் இங்கேதான் நாம் நிதானித்தல் வேண்டும். அவ்விரு ஆராய்ச்சிகளிலும் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை! ஆய்வின் முதற்படியிலேயே அவர்கள் விலக்கப்பட்டனர். ஆகவே, அம்முடிவுகளை அப்படியே எடுத்துக் கர்ப்பிணிக்குப் பொருத்துதல், அளவெடாத ஒருவருக்குப் பிறர் அளவிற் சட்டை தைப்பதை ஒக்கும். எண்களையே சற்று எண்ணிப் பார்க்க. கருவுறாத ஒருவருக்கு மூன்று மாதத்தில் நோய் மீளுமாயின், அன்று அறுத்துக்கொள்ளலாம், இழந்தது அதிகமில்லை. ஐந்தாம் மாதக் கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்து ஆற்றி, மூன்று மாதத்தில் நோய் மீளுமாயின், அன்று அவர் எட்டாம் மாதத்தினர். கருப்பை வயிற்றை நிறைத்திருக்கும், நோயறிதல் முன்னினும் கடினம், அறுவைக்கு இடம் குறுகும், வெடிப்பும் மிகுதி. நான்கில் ஒருவர்க்கு நேரும் இந்நிலை யாருக்கு நேரும் என்பதை முன்னரே சொல்லுதற்கு வழியில்லை.

கர்ப்பிணிகளைப்பற்றி நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளினின்று பின்னர்த் தொகுத்த கணக்குகளே. அமெரிக்கப் பதிவேடுகளினின்று 7,114 கர்ப்பிணிகளின் கணக்கை மான்ட்ரீல் நகர ஆராய்ச்சியாளர் 2014-ல் வெளியிட்டபோது, கத்தியின்றி நடத்தப்பட்டோருக்கு வயிற்றுச் சவ்வழற்சியும், அதிர்ச்சி நிலையும், இரத்தக்குழாய்களில் உறைகட்டி உண்டாதலும் அறுவை செய்தோரினும் மிகுதி என்று கண்டனர். 2023-ல் வெளியான மற்றொரு தொகுப்பு, வெடிப்பு முதலிய சிக்கலுற்ற 8,087 கர்ப்பிணிகளைப் பற்றியது. மருந்தால் ஆற்றத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அது பயன்படாது பின்னர் அறுவை வேண்டியதாயிற்று. அவ்வாறு பிந்தி அறுக்கப்பட்டவர்களே உடனே அறுக்கப்பட்டவர்களினும் அதிகமாகக் காலத்திற்கு முன் பிரசவித்தனர். இத்தகைய கணக்குகளில் ஒரு குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்: மிகவும் நலிந்திருந்தோரையே மருத்துவர் கத்திக்கு அஞ்சி மருந்தில் வைத்திருக்கலாம், அவ்வாறாயின் தீமை நோயின் வன்மையால் வந்ததோ, மருந்தின் மென்மையால் வந்ததோ என்று பிரித்தறிதல் அரிது. இவற்றையெல்லாம் சீர்தூக்கியே, அவசர அறுவை மருத்துவரின் உலகச் சங்கத்தார் 2020-ல் வெளியிட்ட நெறிமுறையில், மேலும் உறுதியான சான்று கிடைக்கும்வரை கர்ப்பிணிகளை அறுவையின்றி நடத்துதலைத் தாம் பரிந்துரைப்பதற்கில்லை என்றனர். திடமான ஆணையன்று அது. சான்று குறைந்தவிடத்துச் சொல்லும் எச்சரிக்கையான சொல். யான் அதனைக் குறையாகக் கருதவில்லை.

அப்படியாயின் கர்ப்பிணிக்கு மருந்தால் பயனே இல்லையோவெனின், அற்றன்று. கத்தியா மருந்தா என்னும் பிரிவே முழுதும் சரியன்று. நோய் துணிந்தவுடன் நரம்புவழியாக நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தியபின்னரே அறுவை செய்யப்படுகின்றது. வெடித்துப் பலநாட் சென்று, சீழ் ஓரிடத்தில் கட்டியாக அடங்கியிருப்பின், உடனே வயிற்றைத் திறவாது, மருந்து கொடுத்துச் சீழைக் குழாய்வழி வடித்தல் சிலரிடத்து நல்லது. அறுவைக்கு வசதியில்லாத தொலைவிலிருந்து நோயாளியைக் கொண்டுவருகையில் மருந்தே இடைக்காலத் துணை. நோயாளி எல்லாவற்றையும் கேட்டறிந்தபின்னும் அறுவைக்கு இசையாராயின், மருந்தோடு அவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்து அடிக்கடி பார்த்துக்கொள்ளுதல் மருத்துவர் கடன். மருந்துகளிலும் தெரிவு உண்டு. பெனிசிலின் இனமும் செஃபலோஸ்போரின் இனமும் கர்ப்பத்தில் நெடுநாள் பழகியவை, மெட்ரோனிடசோலும் கொடுக்கப்படுகின்றது. டெட்ராசைக்ளின் குழந்தையின் பற்களைக் கறைப்படுத்தும். பின்லாந்தினர் கையாண்ட லெவோஃப்ளாக்சசின் இனத்தையும் கர்ப்பிணிகளுக்கு இயன்றவரை விலக்குவர். ஆகவே ஒருவருக்கு எழுதிய மருந்துச்சீட்டைக் கொண்டு கர்ப்பிணிக்கு மருந்து வாங்குதல் பெரும்பிழை.

அறுவையைப்பற்றி நம்மவர்க்குள்ள அச்சம், பெரும்பாலும் முன்னாளைய அறுவையைப் பற்றியதே. 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் குர்ட் செம் என்பவர், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் குழல்வழியே பார்த்துக் குடல்வாலை முதன்முதலாக நீக்கினார். அவர் அறுவை மருத்துவரல்லர், பெண்நோய் மருத்துவர். தம் எல்லையைக் கடந்தாரென்று அறுவை மருத்துவர் அவரைக் கடிந்தனர். இன்று அதுவே யாங்கணும் பரவிய முறை. கர்ப்பிணிகளிடத்தில் இக்குழல்முறை கருவிற்கு இடர் மிகுவிக்குமோ என்னும் ஐயம் சில கணக்குகளால் எழுந்தது. பின்வந்தவை பல அதனை உறுதிப்படுத்தவில்லை. கருப்பையின் அளவுக்கேற்பத் துளையின் இடத்தை மாற்றி, எந்த மாதத்திலும் அதனைச் செய்யலாமென்பது குழலறுவைச் சங்கத்தாரின் கருத்து. வயிற்றை உயர்த்தச் செலுத்தும் வாயுவின் அழுத்தத்தைப் பாதரச அளவில் 10 முதல் 15 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவர். ஐந்தாம் மாதத்திற்கு மேற்பட்ட கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவிடாது இடப்பக்கம் சற்றுச் சாய்த்துவைப்பர். இன்றேல் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துவிடும். மயக்கமருந்துகள் உரிய அளவிற் கொடுக்கப்படின் குழந்தைக்கு ஊனம் விளைவித்ததாகச் சான்றில்லை. குழந்தையின் இதயத்துடிப்பை அறுவைக்கு முன்னும் பின்னும் கேட்டறிவர். மகப்பேற்றை அன்றே முடித்துவிடவேண்டுமென்பதும் இல்லை. குடல்வாலை நீக்கிவிட்டுக் கருவைத் தன் காலம்வரை வளரவிடுதலே முறை.

இவற்றுட் பலவற்றை அன்று அறுவை மருத்துவர் என் தந்தையாருக்கு எளிய சொற்களில் எடுத்துரைத்தார். மருந்தால் ஆறுதற்கும் இடமுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆறாது போயின் அந்த நாளில் குழந்தையின் நிலை யாதாயிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. குடல்வாலினுள் கல்லொன்று இருப்பது படத்திற் கண்டதையும் காட்டினார். தந்தையார் என் தமக்கையாரைப் பார்த்தார். ‘அப்பா, வெடிக்கும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை, இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்’ என்றார் அவர். முற்பகலில் அறுவை நடந்தது. நீக்கிய குடல்வால் கருநீலம் பாய்ந்து விம்மியிருந்தது; வெடித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு திரும்பியபின், பாட்டியார் கேட்டுக்கொண்டேயிருந்த வினா மற்றொன்று: தையலிட்ட வயிறு பிரசவவலியைத் தாங்குமோ என்பது. தாங்கும். குடல்வால் அறுவையின் தழும்பு கருப்பையின்மேல் இல்லை. வயிற்றுச் சுவரிலேயே உள்ளது. அது காரணமாகப் பிரசவத்தையும் அறுவையால் நடத்தவேண்டியதில்லை. என் தமக்கையாருக்கு 39-ம் வாரத்தில் இயல்பாகவே பிரசவமாயிற்று. பாட்டியார் குழந்தையின் காலில் எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தபோது, அது எந்தப் புட்டியிலிருந்து எடுத்த எண்ணெய் என்று கேட்டேன். ‘மேலுக்குத்தானடா தடவுகிறேன்’ என்றார்.